கையில் 500 வெள்ளி, நேரம் ஞாயிறு மட்டும்: தீபாவளிக்கு யாருக்கு என்ன கொடுப்பது?

பால்வெட்டு_சிப்புட் | 14 செப்டம்பர் 2025, இரவு 9.10

மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டம். எனக்குப் பால்வெட்டு, வீட்டுல அவங்களுக்கு டவுன் தொழிற்சாலையில ஷிப்ட் வேலை. இந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 20, திங்கள். கையில இப்போ 180 வெள்ளி (ரிங்கிட்) இருக்கு. அக்டோபர்ல கைக்கு வர்ற சம்பளத்துல 320 ஒதுக்கலாம். அதுக்கு மேல முடியாது.

கொடுக்க வேண்டியவங்க: அம்மா, அப்பா, மாமியார். எங்க பிள்ளைங்க ரெண்டு பேர், பொண்ணுக்கு 6, பையனுக்கு 9. கூடப் பிறந்தவங்க பிள்ளைங்க 14 பேர். லயத்துலயும் (தோட்டத்து வரிசை வீடுங்க) டவுன்லயும் சேர்த்து 11 வீடு. ரெண்டு பேருக்கும் ஒண்ணா லீவு கிடைக்கிறது ஞாயிறு மட்டும்தான். மழை பிடிச்சா வெட்டும் குறையும்.

ஆளுக்கு ஒரு சின்னச் சாமான் வாங்கிடலாமா, இல்ல எல்லாருக்கும் அங்பாவ், அதாவது உறையில காசு, கொடுத்து முடிச்சிடலாமா?

பலகாரக்கை | 14 செப்டம்பர் 2025, இரவு 10.05

ரெண்டும் வேண்டாம் தம்பி. 11 வீட்டுல வீட்டுக்கு நாலு பேர்னு வெச்சாலே 44 பேர். மத்தவங்களையும் சேர்த்தா 60 தாண்டுது. ஆளுக்கு 8 வெள்ளிச் சாமான்னா மொத்தக் காசும் அதிலேயே போயிடும். அந்த 8 வெள்ளிக்குக் கிடைக்கிறது ஒரு கோப்பையோ சாவிக்கொத்தோதான். வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றவனுக்கு அது எதுக்கு?

பெரியவங்களுக்கும் உங்க பிள்ளைங்களுக்கும் துணி. கூடப் பிறந்தவங்க பிள்ளைங்களுக்குக் காசு. வீடுங்களுக்குக் கைப்பலகாரம், வீட்டுக்கு ஒரு போத்தல். இதுல எதையும் குறைச்சல்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

இன்னொண்ணு. காசு பத்தலைங்கிறதை விட, காசு வர்ற தேதியும் வேலை முடியுற தேதியும் ஒட்டாம போறதுதான் வீட்டை இழுக்குது. ரொம்ப நாள் எடுக்கிறது தையல். அதுக்கு அடுத்தது பலகாரம். காசை உறையில போடுறது ஒரு ராத்திரி வேலை. அதனால கையில இருக்கிற 180ஐ இப்பவே தையலுக்குப் போடுங்க. சம்பளம் வர்ற வரைக்கும் எல்லாத்தையும் தள்ளி வெச்சீங்கன்னா, தையல்காரர் ஆர்டர் முடிச்சிருப்பாரு, நீங்க ரெடிமேட் கடையில நின்னு கேட்ட விலையைக் கொடுத்துட்டு வருவீங்க.

கிராணிக்கணக்கு | 15 செப்டம்பர் 2025, காலை 11.30

அக்கா சொன்னதைக் கணக்காகப் போட்டுத் தருகிறேன். இவை ஒவ்வொன்றுக்கும் வைத்துக்கொள்ள வேண்டிய மேல் வரம்பு. கடைக்குப் போகும்போது தாண்டக் கூடாத எண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்று, இப்போது, 180 வெள்ளி: அம்மாவுக்குச் சேலை 45, மாமியாருக்குச் சேலை 45, மகளுக்குப் பாவாடை சட்டைத் துணி 25, தையல் கூலி 30, பலகாரப் போத்தல் 12க்கு 30. கூட்டினால் 175.

இரண்டாம் சுற்று, சம்பளத்துக்குப் பின், 320 வெள்ளி: அப்பாவுக்கு வேட்டி சட்டை 45, மகனுக்கு ஜிப்பா 40, பலகாரச் சாமான் 95, 14 பிள்ளைகளுக்கு 5 வெள்ளி வீதம் 70, அன்று வாசலுக்கு வரும் பிள்ளைகள் 20 பேருக்கு 2 வெள்ளி வீதம் 40. கூட்டினால் 290.

மிச்சம் 35. அதைத் தொடாதீர்கள். பார்சல் செலவு, மறந்துபோன ஒரு வீடு, தீர்ந்துபோன கேஸ் எல்லாம் அதில்தான் வரும். 14 கிலோ கேஸ் தோம்பு (சிலிண்டர்) 26 வெள்ளி 60 காசு. கடைசி வாரத்தில் அது காலியானால் இந்த 35 இல்லாமல் சமாளிக்க முடியாது.

குறைந்தபட்சச் சம்பளம் இந்த ஆண்டு பிப்ரவரி 1 முதல் 1,700 வெள்ளி. அதில் 500 என்பது மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. மேலே போகவே கூடாது.

ஊசிநூல் | 15 செப்டம்பர் 2025, இரவு 8.20

தையல் பக்கத்தை நான் சொல்றேன். டவுன்ல நல்லாத் தைக்கிறவங்க தீபாவளிக்கு மூணு நாலு வாரம் முன்னாடியே ஆர்டர் நிறுத்திடுவாங்க. நாளைக்கு மலேசியா தினம், கடை திறந்திருந்தா நாளைக்கே போயிடுங்க.

சேலைக்கு 45 வெள்ளி போதும், ஒரு நிபந்தனையோட. ரவிக்கை புதுசாத் தைக்கக் கூடாது. தைச்சா கூலியும் லைனிங்கும் சேர்ந்து சேலை விலையில பாதிக்கு மேல வந்துடும். அம்மாகிட்டயும் மாமியார்கிட்டயும் இப்போ சரியா இருக்கிற நல்ல ரவிக்கை ஒண்ணு ஒண்ணு வாங்கி, பையில போட்டுக் கடைக்கு எடுத்துட்டுப் போங்க. ரவிக்கைக்குச் சேலையைத் தேடுங்க. கடை விளக்குல பார்த்தா அரக்கும் கத்தரிப்பூவும் ஒண்ணாத் தெரியும், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து வெச்சுப் பாருங்க. சேலை ஓரம் அடிச்சிருக்கான்னு கேளுங்க. அடிக்கலைன்னா அதுக்கும் கூலி, அதுக்கும் நாளு.

அப்பாவுக்கு ஒட்டிக்கோ வேட்டி. வயசானவங்களுக்கு இடுப்புல நிக்கும், கோயில்ல பத்து தடவை இறுக்க வேண்டியதில்லை. ஒட்டுப் பட்டை ரெண்டு வரிசை இருக்கிறதா வாங்குங்க. ஒரு வரிசைன்னா வயிறு கொஞ்சம் கூடினாலும் ஒட்டாது.

பையனுக்கு ஜிப்பா வயசு சொல்லி வாங்காதீங்க. 9 வயசுல நாலு விதமான உயரம் இருக்கு. அவன் இப்போ போடுற சட்டையில தோளுக்குத் தோள் அளந்து, அதோட ஒரு அங்குலம் கூட்டுங்க. நெஞ்சுச் சுற்றளவோட 4 அங்குலம் கூட்டுங்க. கை நீளமா இருந்தா மடிச்சுக்கலாம், தோள் இறுகினா ஒண்ணும் பண்ண முடியாது.

பால்வெட்டு_சிப்புட் | 15 செப்டம்பர் 2025, இரவு 9.00

பாவாடைக்கு எத்தனை மீட்டர் வாங்கணும்க்கா? கடையில ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஊசிநூல் | 15 செப்டம்பர் 2025, இரவு 9.25

இடுப்புலேர்ந்து கணுக்கால் வரைக்கும் அளங்க. 28 அங்குலம்னு வெச்சுக்குவோம். அதோட மடிப்புக்கு 4, கீழ் ஓரத்துக்கும் இடுப்புப் பட்டிக்கும் சேர்த்து 2. மொத்தம் 34. 44 அங்குல அகலத் துணியில இந்த மாதிரி ரெண்டு துண்டு வேணும். 68 அங்குலம். 1.75 மீட்டர் வாங்கினாப் போதும். பருத்தின்னா தண்ணியில நனைச்சுக் காய வெச்சுதான் வெட்டணும், அதுக்கு 10 சென்டிமீட்டர் கூட.

கரை வெச்ச துணின்னா கணக்கு வேற. கரை துணியோட நீளத்துக்கு ஓடும், அதனால துணியோட அகலம்தான் பாவாடையோட உயரம். அப்போ 88 அங்குலச் சுற்றுக்கு 2.25 மீட்டர் வாங்கணும். ரெண்டு பேரு ரெண்டு கணக்கு சொன்னதுக்குக் காரணம் இதுதான், ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்லியிருக்காங்க.

அந்த 4 அங்குல மடிப்பை மறக்காதீங்க. உள்பக்கமா 2 அங்குலம் மடிச்சு நீளத் தையல் போடச் சொல்லுங்க. அடுத்த வருஷம் பிரிச்சு விட்டா 4 அங்குலம் இறங்கும். மடிச்ச இடத்துல கோடு தெரியும், அதுமேல ஒரு வரிசை லேஸ் ஓட்டினா தெரியாது. 25 வெள்ளித் துணி ரெண்டு தீபாவளிக்கு ஆகும்.

லோரி_பாதை | 17 செப்டம்பர் 2025, மாலை 6.15

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? தோட்ட ஆபீஸ்ல முன்பணம் கேட்டா முடிஞ்சது. இல்லன்னா டவுன்ல கடன் கொடுக்கிறவங்க இருக்காங்க.

கிராணிக்கணக்கு | 17 செப்டம்பர் 2025, இரவு 10.10

முன்பணம் வேறு, வெளிக்கடன் வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக் கூடாது.

1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் தர வேண்டும். செப்டம்பர் சம்பளம் அக்டோபர் 7, செவ்வாய்க்குள் கைக்கு வர வேண்டும். தீபாவளிக்கு 13 நாள் இருக்கிறது. இந்த ஆண்டு தேதி உங்கள் பக்கம். முன்பணம் பொதுவாக முந்தின மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. அதைச் சம்பளத்தில் பிடிக்கும்போது வட்டி போடக் கூடாது. யாராவது வட்டி பிடித்தால் ஆபீசில் கேட்கலாம்.

ஆனாலும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நவம்பர் சம்பளத்தில் அந்தத் துண்டு விழும். நவம்பர் மழை மாதம், வெட்டு நாள் குறையும். டிசம்பரில் பள்ளிச் சாமான் வாங்க வேண்டும், ஏனென்றால் அடுத்த பள்ளி ஆண்டு 2026 ஜனவரியில் தொடங்குகிறது. மூன்று இடி ஒரே இடத்தில் விழும்.

வெளிக்கடன், ஆலோங் என்கிற சட்டவிரோத வட்டிக்காரர், தவணையில் இப்போது எடுத்துப் பிறகு கட்டும் ஆப், மூன்றும் வேண்டாம். பலகாரத்துக்கும் பாவாடைக்கும் வட்டி கட்டுகிற நிலை வரவே கூடாது.

கிராணிக்கணக்கு | 17 செப்டம்பர் 2025, இரவு 10.40

மேலே எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். 18 வயது நிரம்பிய எல்லாக் குடிமக்களுக்கும் மைகார்டு அடையாள அட்டையில் 100 வெள்ளி சாரா என்ற அரசு உதவி 2025 ஆகஸ்டு 31இல் வந்திருக்கிறது. 2025 டிசம்பர் 31 வரை செல்லும். கணவன் மனைவி இருவருக்குமாக 200 வெள்ளி. ரொக்கமாக எடுக்க முடியாது, சேர்ந்திருக்கும் கடைகளில் குறிப்பிட்ட அன்றாடச் சாமான் மட்டும் வாங்கலாம்.

அதை வைத்துப் பரிசு வாங்கப் பார்க்காதீர்கள். அக்டோபர் மாத அரிசி, மீ (நூடுல்ஸ்), பிஸ்கட், சவர்க்காரம் எல்லாவற்றையும் அந்தக் கார்டில் வாங்குங்கள். வழக்கமாக அதற்குப் போகும் ரொக்கம் கையில் நிற்கும். அந்த 320 ஒதுக்க முடியுமா என்ற பயம் இருந்தால் அதற்கு இதுதான் வழி. இன்னும் கார்டைத் தொடாதவர்கள் தோட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அம்மா அப்பா கார்டிலும் இருக்கும், அவர்களிடமும் சொல்லுங்கள்.

பலகாரக்கை | 28 செப்டம்பர் 2025, மாலை 4.00

தையல் போயாச்சுன்னு நினைக்கிறேன். இனி பலகாரம்.

ரெண்டு வகை மட்டும் செய்ங்க. முறுக்கு, நெய் உருண்டை. அதிரசம் வேண்டாம், பாகு தவறினா மாவு மொத்தமும் போச்சு. அச்சு முறுக்கும் வேண்டாம், ஒண்ணு ஒண்ணா நின்னு எடுக்கணும். புது அச்சுன்னா எண்ணெயில ஊற வெச்சுப் பழக்காம மாவு விடாது.

முறுக்குக்கு அரிசி மாவு 2.5 கிலோ (அரைக்கிலோ பாக்கெட் அஞ்சு), உளுந்து 600 கிராம், மார்ஜரின் 300 கிராம், உப்பு கிலோ மாவுக்கு மூணு தேக்கரண்டி, ஓமமும் சீரகமும் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம். உளுந்தைச் சின்னத் தீயில வறுங்க. வாசம் வந்து லேசா நிறம் மாறினதும் இறக்கிடணும், சிவக்க விட்டா கசக்கும். டவுன் மாவு மில்லுல கொடுக்கும்போது முன்னாடி என்ன அரைச்சாங்கன்னு கேளுங்க. மிளகாய்த்தூள் அரைச்ச கையோட உங்க உளுந்தைப் போட்டா 11 வீட்டுப் பிள்ளைங்களும் இருமும். கடைசி வாரத்துல மில்லுல கூட்டம் தாங்காது, சம்பளம் கைக்கு வந்ததும், அக்டோபர் 12 ஞாயிற்றுக்கு முன்னாடியே அரைச்சு முடிச்சிடுங்க. உளுந்து மாவை ரெண்டு தடவை சலிக்கணும். ஒரு குருணை கிடந்தாலும் அச்சுக் கண்ணு அடைக்கும், இல்லன்னா எண்ணெயில வெடிக்கும். வெடிச்சா முகத்துக்கு வரும், அதனால இதுல சோம்பல் கூடாது.

மார்ஜரினை உருக்கி மாவுல ஊத்திப் பிசிறுங்க. கைப்பிடி எடுத்து அழுத்தினா பிடியா நிக்கணும், விரலால தட்டினா உதிரணும். பிடியே நிக்கலைன்னா கொழுப்பு பத்தலை, முறுக்கு கல்லு மாதிரி வரும். கொழுப்பு அதிகமானா எண்ணெயில போட்டதும் பிரிஞ்சு கரையும், அப்படி ஆனா இன்னும் கொஞ்சம் அரிசி மாவு சேர்த்துப் பிசைங்க.

தண்ணி கிலோ மாவுக்கு 650லேர்ந்து 750 மில்லி பிடிக்கும். எல்லா மாவையும் ஒரே தடவையில பிசையக் கூடாது. பிசைஞ்ச மாவு நேரமாக நேரமாகச் சிவக்கும், வெந்ததும் வெளியே நிறம் ஏறி உள்ளே வேகாம நிக்கும். மூணு பங்காப் பிரிச்சு, ஒரு பங்கு முடியுற நேரத்துல அடுத்ததைப் பிசைங்க, ஈரத்துணி மூடி வைங்க.

எண்ணெய் 1 கிலோ பாக்கெட் 2.50 வெள்ளி, நாலு வாங்குங்க. ஒரு துளி மாவு போட்டா அடியில போய் உடனே நுரையோட மேல வரணும். அடியிலேயே கிடந்தா சூடு பத்தலை, அதுல போட்ட முறுக்கு எண்ணெய் குடிக்கும். போட்டதும் கறுத்தா சூடு அதிகம். நுரை அடங்கி சத்தம் நின்னதும் எடுங்க. நிறத்தைப் பார்த்து எடுக்காதீங்க, சத்தத்தைக் கேட்டு எடுங்க. உள்ள ஈரம் இருக்கிற வரைக்கும்தான் எண்ணெய் சலசலக்கும்.

சட்டிக்கு எட்டு முறுக்கு, ஒரு சட்டி அஞ்சு நிமிஷம்னா மொத்தமும் முடிய மூணு மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும். ஒருத்தர் பிழிய, ஒருத்தர் எடுக்க. 4 கிலோவுக்குப் பக்கமா வரும். வீட்டுக்கு 300 கிராம், அதாவது ஏறக்குறைய 20 முறுக்கு. 11 வீட்டுக்கு 3.3 கிலோ போக மிச்சம் உங்க வீட்டுக்கும் படையலுக்கும்.

லோரி_பாதை | 28 செப்டம்பர் 2025, இரவு 7.30

தண்ணிக்குப் பதிலாத் தேங்காய்ப்பால் ஊத்தினா ருசியே வேற. உளுந்தையும் இரண்டு மடங்காக்கினா இன்னும் மொறுமொறுன்னு இருக்கும்.

பலகாரக்கை | 28 செப்டம்பர் 2025, இரவு 8.15

தேங்காய்ப்பால் ருசிதான், ஒத்துக்கறேன். ஆனா இது 12ஆம் தேதி சுட்டு 18ஆம் தேதி வீடு வீடாப் போய், 20க்குப் பிறகும் ஒரு வாரம் போத்தல்ல இருக்கப் போற முறுக்கு. தேங்காய்ப்பால் முறுக்கு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். தீபாவளிக்கு முந்தின நாள் சுட்டு அன்னைக்கே தின்னு முடிக்கிறதுக்கு அது சரி.

உளுந்து விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். நாலுக்கு ஒண்ணுங்கிற அளவு காரணமாத்தான் இருக்கு. உளுந்து கூடினா முறுக்கு மெத்துன்னு ஆகும், எண்ணெயும் அதிகம் இழுக்கும். மொறுமொறுப்பு அரிசியிலேர்ந்து வருது.

பலகாரக்கை | 1 அக்டோபர் 2025, இரவு 9.30

நெய் உருண்டை. பாசிப்பயறு 1 கிலோவைத் தோலோட சின்னத் தீயில வறுத்து, ஆற வெச்சு, நைசா அரைச்சுச் சலிக்கணும். சூட்டோட மில்லுக்குக் கொடுக்காதீங்க, மாவு கட்டி கட்டியா வரும். சீனி 500 கிராம் பொடிச்சது, ஏலக்காய் 10, முந்திரி 100 கிராம் உடைச்சு நெய்யில வறுத்தது, நெய் 400 கிராம். இந்த முழுப் பட்டியல்லயும் விலை அதிகம் இந்த நெய்தான். ஆனா அதுல பாதி மார்ஜரின் கலந்தா நாக்குக்குத் தெரிஞ்சிடும், அந்த மிச்சம் வேண்டாம்.

மாவு, சீனி, முந்திரியைக் கலந்து நாலு பங்காப் பிரிங்க. ஒரு பங்குக்கு 100 கிராம் சூடான நெய். நெய் புகையக் கூடாது. புகையுற நெய்யை ஊத்தினா சீனி உருகி, ஆறினதும் உருண்டை பல்லை உடைக்கும். சூடு ஆறினா பிடிபடாம உதிரும். அதனாலதான் நாலு பங்கு. ஒரு பங்கைப் பிடிச்சு முடிச்சதும் அடுத்ததுக்கு நெய்யைக் காய்ச்சுங்க.

20 கிராம் உருண்டை பிடிச்சா 100 வரும். வீட்டுக்கு 8, மிச்சம் 12 படையலுக்கு. கண்ணாடித் தாளை உள்ளங்கை அளவு சதுரமா வெட்டி, உருண்டை நல்லா ஆறின பிறகு சுத்தி, ரெண்டு முனையும் எதிர் எதிரா முறுக்குங்க. பிள்ளைங்களை உட்கார வெச்சா இந்த வேலையை அவங்களே முடிச்சிடுவாங்க. இது ஞாயிறு வேலை இல்லை, வார நாள்ல ஒரு ராத்திரி ஒன்றரை மணி நேரம் போதும்.

முறுக்கும் உருண்டையும் ஒரே போத்தல்ல போடாதீங்க. நெய் வாடை முறுக்குல ஏறும், முறுக்கு இளகும்.

பலகாரக்கை | 3 அக்டோபர் 2025, காலை 7.00

11 வீட்டுக்கும் ஒரே மாதிரின்னு சொன்னேன். யோசிச்சுப் பார்த்தா எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது.

சர்க்கரை நோய் உள்ள வயசானவங்க தனியா இருக்கிற வீடு ஒண்ணு ரெண்டு எந்த லயத்துலயும் இருக்கும். அங்கே உருண்டை கொடுத்தா அவங்க பேரப்பிள்ளைங்களுக்காக எடுத்து வெச்சு வெச்சு எறும்புக்குத்தான் போகும். அதுக்குப் பதிலா ஒரு சின்னப் போத்தல் நல்லெண்ணெய், ஒரு பாக்கெட் சீயக்காய், ஒரு மஞ்சள் துண்டு. எண்ணெய்க் குளியலுக்கு வேண்டியது. அதை முந்தின நாளே கொடுத்திடணும், தீபாவளி அன்னைக்குக் கொண்டு போனா அவங்க குளிச்சு முடிச்சிருப்பாங்க.

இந்த வருஷம் சாவு நடந்த வீடு இருந்தா பட்டியல்ல முதல் இடம் அதுக்கு. அவங்க வீட்டுல சட்டி ஏத்த மாட்டாங்க, பிள்ளைங்க மட்டும் பக்கத்து வீட்டு வாசனையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கும். அங்கே மத்தவங்களை விடக் கூடக் கொடுங்க. புதுத் துணி மட்டும் கொடுக்காதீங்க, சில குடும்பத்துல வாங்க மாட்டாங்க.

மலாய்க்கார வீட்டுக்குக் கொடுக்கிறதை, படையல் போடுறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வெச்சிடுங்க. சாமிக்கு வெச்சதை அவங்க சாப்பிட மாட்டாங்க, கொடுத்துட்டு அவங்களைச் சங்கடப்படுத்தக் கூடாது. மார்ஜரினும் நெய்யும் ஹலால் முத்திரை இருக்கிறதா பாருங்க. பழைய போத்தலைக் கழுவிக் கொடுக்காம புதுசாக் கொடுங்க, என்ன போட்டு வெச்ச போத்தலோங்கிற கேள்வியே வராது.

ஊசிநூல் | 3 அக்டோபர் 2025, மதியம் 1.10

தலைத் தீபாவளி இருக்கிற வீடு இந்தக் கணக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம். மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் துணி எடுத்தாலே 500 வெள்ளி தாண்டும். அந்த வருஷம் மத்த வீடுங்களுக்குப் பலகாரம் மட்டும்னு முன்னாடியே சொல்லிடுங்க. கூடப் பிறந்தவங்க யாரும் தப்பா எடுக்க மாட்டாங்க, அவங்க வீட்டுக்கும் அந்த வருஷம் வரும்.

கிராணிக்கணக்கு | 8 அக்டோபர் 2025, இரவு 9.50

சம்பளம் வந்திருக்கும். அங்பாவ் வேலை.

வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்கு 2 வெள்ளி என்றால் ஒரு வெள்ளித் தாள் இரண்டு. 20 பேருக்கு 40 தாள் வேண்டும். 14 பேருக்கு 5 வெள்ளித் தாள் 14. வங்கியில் தாள் மாற்ற இந்த வாரமே போங்கள், கடைசி வாரத்தில் புதுத்தாள் தீர்ந்துவிடும். புதுத்தாள் கிடைக்காவிட்டால் சுத்தமான பழைய தாளே போதும், அதற்காக இன்னொரு நாள் வேலையை விடாதீர்கள். மளிகைக் கடைக்காரரிடம் 40 வெள்ளி கொடுத்து ஒரு வெள்ளித் தாளாகக் கேட்டாலும் கிடைக்கும்.

ஊதா உறை வாங்கலாம். வீட்டிலும் செய்யலாம். ஏ4 வண்ணத் தாளை நான்காக வெட்டினால் 148க்கு 105 மில்லிமீட்டர் துண்டு வரும். நீளவாக்கில் 12 மில்லிமீட்டர் ஒட்டுவதற்கு விட்டு மீதியை இரண்டாக மடித்தால் 68 அகலம். கீழே 15, மேலே 18 மடித்தால் 72 உயரம். ஒரு வெள்ளித் தாள் 120க்கு 65, இரண்டாக மடித்தால் அளவாக உட்காரும். 5 வெள்ளித் தாள் 135 நீளம், இரண்டாக மடித்தால் இறுக்கும், மூன்றாக மடியுங்கள். 34 உறைக்கு 9 தாள் போதும்.

2 வெள்ளி உறையையும் 5 வெள்ளி உறையையும் ஒரே நிறத்தில் செய்யாதீர்கள். கூட்டத்தில் கை மாறிவிடும், பிள்ளைகள் அந்த இடத்திலேயே பிரித்து ஒப்பிடும்.

வெளியூரில் இருந்து வர முடியாத பிள்ளைகளுக்கு அம்மா அப்பா கணக்குக்கு டுயிட்நவ் வங்கிப் பரிமாற்றத்தில் அனுப்பலாம். அனுப்பும்போது குறிப்பில் பிள்ளையின் பெயரைப் போடுங்கள். பெயர் இல்லாத பணம் வீட்டுச் செலவில் கரைந்துவிடும், பிள்ளைக்குத் தெரியவே தெரியாது.

பால்வெட்டு_சிப்புட் | 12 அக்டோபர் 2025, மதியம் 12.20

அக்கா, அவசரம். ரெண்டாவது பங்கு ஓடிக்கிட்டு இருக்கு. முறுக்கு வெளியே சிவந்து உள்ளே மெத்துன்னு இருக்கு. முதல் பங்கு நல்லா வந்துச்சு.

பலகாரக்கை | 12 அக்டோபர் 2025, மதியம் 12.26

தீயைக் குறைங்க. முதல் பங்கு முடியும்போது எண்ணெய் குறைஞ்சிருக்கும், அதே தீக்கு இப்போ சூடு ஏறிப்போச்சு. புது எண்ணெய் அரைப் பாக்கெட் ஊத்துங்க, ரெண்டு நிமிஷம் விட்டுத் துளி மாவு போட்டுப் பாருங்க. அடியில கரித்தூள் கிடந்தா முதல்ல அரிச்சு எடுங்க, அதுவும் நிறத்தைக் கெடுக்கும்.

மெத்துன்னு வந்ததைத் தூக்கிப் போடாதீங்க. எல்லாம் முடிஞ்ச பிறகு சின்னத் தீயில திரும்ப ஒரு தடவை போட்டு எடுத்தா மொறுமொறுன்னு ஆகும். அது வீட்டுக்கு, போத்தலுக்கு வேண்டாம்.

ஊசிநூல் | 12 அக்டோபர் 2025, இரவு 8.45

பார்சல் அனுப்புறவங்களுக்கு: கோலாலம்பூர், ஜொகூர்னா நாளைக்கு திங்கள், நாளைக்கே போஸ் லாஜு கூரியர்ல போட்டுடுங்க. சபா, சரவாக்குக்கு இன்னும் முன்னாடியே போட்டிருக்கணும். சரவாக்குல தீபாவளிக்குப் பொது விடுமுறையும் கிடையாது, அங்கே வேலை செய்யுற பிள்ளைக்கு இந்த ஒரு டப்பாதான் தீபாவளி.

போத்தலை விளிம்பு வரைக்கும் நிரப்பணும். மேல இடம் இருந்தா முறுக்கு குலுங்கிப் பொடியாகும். இடத்தை எண்ணெய்த் தாளைக் கசக்கி வெச்சு அடைங்க. பத்திரிகைத் தாள் முறுக்கைத் தொடக் கூடாது, மை ஒட்டும். போத்தலுக்கும் பெட்டிக்கும் நடுவுல எல்லாப் பக்கமும் ரெண்டு அங்குலம் துணியோ தாளோ. துணிப் பரிசும் அனுப்புறீங்கன்னா அதையே சுத்தி வெச்சிடலாம், ஆனா துணியைப் பிளாஸ்டிக் பையில போட்டுட்டு.

பலகாரக்கை | 17 அக்டோபர் 2025, இரவு 10.00

நாளைக்குக் கட்டிக் கொடுக்கப் போறவங்களுக்கு ஒண்ணு மட்டும். மழையில கதவைத் திறந்து வெச்சுக் கட்டாதீங்க. முறுக்கை வெளியில பரப்பி வெச்ச அரை மணி நேரத்துல ஈரம் இழுத்திடும். கழுவின போத்தல் மூடியோட உள் விளிம்புல தண்ணி நிக்கும், துணி முனையால துடைச்சுப் பாருங்க. ஏற்கனவே நமுத்துப் போயிருந்தா ஓவனை 120 டிகிரியில வெச்சு பத்து நிமிஷம், ஆற விட்டுப் போத்தல்ல போடுங்க. ஓவன் இல்லாத வீட்டுல அடிகனமான சட்டியைச் சின்னத் தீயில காய வெச்சு, எண்ணெய் இல்லாம அஞ்சு நிமிஷம் புரட்டினாலும் சரியாகும்.

முந்திரி சேராத பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு உருண்டைப் பையில ஒரு வார்த்தை எழுதி ஒட்டிடுங்க.

பால்வெட்டு_சிப்புட் | 2 நவம்பர் 2025, இரவு 8.30

கொடுத்து முடிச்சாச்சு. 478 வெள்ளி ஆச்சு. அடுத்த வருஷத்துக்கும் இதே கணக்கு வெச்சுக்கலாமா?

கிராணிக்கணக்கு | 2 நவம்பர் 2025, இரவு 9.15

பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள், தேதிகளை வைத்துக்கொள்ளாதீர்கள். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அக்டோபர் சம்பளம் தருவதற்குக் கடைசி நாள் நவம்பர் 7. முந்தின நாள். அந்தச் சம்பளத்தை நம்பி எதையும் வைக்க முடியாது.

அதனால் இந்த ஆண்டு இரண்டாம் சுற்றில் செய்ததை எல்லாம் அடுத்த ஆண்டு அக்டோபர் 7க்குள் வரும் சம்பளத்தில் முடிக்க வேண்டும். தையலுக்கு உரியதைச் செப்டம்பர் 7க்குள் வரும் சம்பளத்தில் எடுத்துவிடுங்கள். ஜனவரி பள்ளிச் செலவு ஓய்ந்ததும் மார்ச் முதல் மாதம் 40 வெள்ளி தனியாக வைத்தால் செப்டம்பருக்குள் 280 சேரும். வேறு யாரிடமும் சீட்டாகக் கட்டாமல் உங்கள் பெயரில் உள்ள கணக்கிலேயே போடுங்கள்.

ஊசிநூல் | 2 நவம்பர் 2025, இரவு 9.40

பொண்ணுக்கு அடுத்த வருஷம் துணி வாங்க வேண்டாம், மடிப்பைப் பிரிங்க. சட்டை மட்டும் புதுசு, முக்கால் மீட்டர் போதும். அந்த மிச்சத்துல பையனுக்குக் கறுப்புப் பள்ளிக் காலணி எடுத்துடலாம்.

பலகாரக்கை | 2 நவம்பர் 2025, இரவு 10.20

காலியான போத்தலைத் திருப்பிக் கொடுக்கிற வீட்டுல வாங்கி வைங்க. மூடியைத் திறந்து வெயில்ல ஒரு நாள் வெச்சு, உள்ள ரெண்டு கிராம்பு போட்டு மூடுங்க. சிக்கு வாடை தங்காது. மலாய்க்கார வீட்டுக்கு மட்டும் அடுத்த தடவையும் புதுப் போத்தல்.